பேரீச்சம்பழத்துக்குப் போட மாட்டேன்



நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். வகுப்பிலும் பாதிப் பேர் அப்படித்தானே செய்தீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு என் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் போயிருந்தேன். மண்டப வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்துவதற்குள் மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். முதல் ஆள் என் தம்பி மகன். "பெரியப்பா, இதை ஸ்கிராப்புக்குக் கொடுத்து சர்டிஃபிகேட் வாங்கிட்டீங்கன்னா புது வண்டிக்கு ரோடு டாக்ஸ்ல தள்ளுபடி. இன்னும் எத்தனை நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டு அழப் போறீங்க?" இரண்டாவது, ஓட்டல் நடத்தும் பழைய மாணவன். "சார், என் ரெஸ்டாரன்ட் வாசல்ல நிறுத்தக் கொடுத்துடுங்க. நல்லா பெயின்ட் அடிச்சு, லைட் போட்டு வைக்கிறேன். ஜனங்க செல்ஃபி எடுப்பாங்க. நீங்க கேக்குற விலை." மூன்றாவதாக வந்தவன் என்னிடம் 1996-இல் பத்தாம் வகுப்பு படித்தவன், சென்னையில் பெரிய வேலையில் இருக்கிறான். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "சார், சுற்றுச்சூழல் பாடம் எங்களுக்கு நீங்கதான் எடுத்தீங்க. நீங்களே இந்தப் புகை வண்டியை வச்சிருக்கலாமா?"

மூவருக்கும் அங்கே பதில் சொல்லவில்லை. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். இந்தக் காரை நான் ஏன் வாங்கினேன் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரியாது. 1983-இல் செகண்ட் ஹேண்டில், பி.எஃப். கடன் போட்டு வாங்கினேன். எய்டட் பள்ளிக்கூட வாத்தியார் கார் வாங்கியது கும்பகோணத்தில் அன்றைக்குப் பெரிய கேலி. ஸ்டாஃப் ரூமில் "மிராசுதார் வந்துட்டார்" என்பார்கள். என் மகளுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் போயிற்று. காலில் இரும்புக் காலிபர் மாட்டியிருந்த ஆறு வயதுக் குழந்தையை டவுன் பஸ் படியில் ஏற்ற முடியவில்லை. ரிக்‌ஷாக்காரர் மழை நாளில் வர மாட்டார். வேலூருக்கு வருஷத்தில் மூன்று தடவை போக வேண்டும். அதனால் வாங்கினேன். அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் எல்லோரும் "அடடா, அதனாலதான் சார் விற்க மாட்டேங்கிறார்" என்று நெகிழ்ந்துபோய் விட்டுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வசதியான வழி எனக்கு வேண்டாம். போன வருஷம் மகளே சொல்லிவிட்டாள். அவள் இப்போது திருச்சியில் வங்கி அதிகாரி, தனக்கேற்றபடி மாற்றிய ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுகிறாள். "அப்பா, அந்தக் காரை எனக்காக வச்சிருக்கேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. அதுல இருந்து இறங்குறப்போ ஸ்கூல் வாசல்ல எல்லாரும் என் காலைத்தான் பாப்பாங்க. எனக்கு அந்தக் கார் பிடிக்கவே பிடிக்காது." நாற்பது வருஷம் கழித்துச் சொல்கிறாள். எனக்கு ஒரு வாரம் சரியாகத் தூக்கம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான், இந்த வண்டியை வைத்துக்கொள்ள எனக்கு வேறு நியாயம் உண்டா என்று உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன். செண்டிமெண்ட் இதில் வாதம் அல்ல.

இந்தக் கார் என்ன என்பதே இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் ஒரு பையன் "தாத்தா, இது ஃபாரின் காரா?" என்று கேட்டான். மெட்ராஸ் கார் அப்பா இது! வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி செய்தது. அந்தக் காலத்தில் இந்தியாவில் காருக்கு நாதி மூன்றுதான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-இல் இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். வடிவம் போட்டவர் ஜோவான்னி மிகெலோட்டி என்ற இத்தாலிக்காரர், பிறப்பு இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாக, 1959-இல். இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவு. குடும்பத்தோடு ஏறி இறங்கும் நமக்கு அது சரிப்படாது என்று மெட்ராஸ்காரர்கள் நான்கு கதவு வைத்து மார்க் த்ரீ செய்தார்கள். என்னுடையது அதுதான், 1969 மாடல், 948 சி.சி. கம்பெனி அப்புறம் கெஸல் செய்தது, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்று செய்து கையைச் சுட்டுக்கொண்டது, எண்பதுகளின் கடைசியில் மூடிவிட்டார்கள். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அழுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஹெரால்டுக்கு யாரும் இல்லை.

இந்தக் காரின் உடம்பு ஒரே வார்ப்பு இல்லை. அடியில் தனி சேசிஸ், மேலே துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டிய பாகங்கள். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்கு முழு பாடி அடித்துத் தந்துகொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கங்கே அடித்துச் சேர்த்தார்கள். அந்த வழியில்லாமைதான் எனக்கு வரமாக வந்தது. எந்தப் பாகம் துருப்பிடித்தாலும் அதை மட்டும் ஸ்பேனர் போட்டுக் கழற்றலாம். பட்டறையில் டிங்கரிங் பண்ணி மறுபடி மாட்டலாம்.

பானட் பற்றிச் சொல்லவே வேண்டாம், உங்களுக்கே தெரியும். இரண்டு பக்க மட்கார்டோடு சேர்ந்து முழு முகமும் முன்னால் சாயும். எஞ்சின் சோதனைச் சாலை மேஜை மேல் வைத்தது போல் நிற்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் நான்கு வீச்சு எஞ்சினுக்கு ஒரு அட்டைப்படம் இருந்தது, அதிலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அதனால்தான் புங்கமரத்தடியில் ஹெரால்டை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பத்துப் பேரை மெதுவாகத் தள்ளச் சொல்லி, ஒருவனைப் பிளக் துவாரத்தில் கட்டைவிரலை வைக்கச் சொல்வேன். விரலைக் காற்று தள்ளும்போது "சார், தள்ளுது சார்!" என்று ஒரு கூச்சல் வருமே, அதுதான் அழுத்த வீச்சு. 1984-லிருந்து ஓய்வு பெற்ற 2008 வரை ஒரு வருஷம் தவறாமல் நடத்தினேன். ஒரு தலைமையாசிரியர் மெமோ கொடுத்தார், பள்ளி வளாகத்தில் சொந்த வாகனம் கழுவ மாணவர்களைப் பயன்படுத்துவதாக. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

தம்பி மகனுக்கு இப்போது வருகிறேன். "இன்னும் எத்தனை நாளைக்கு" என்று கேட்டாய். உன் வண்டிக்கு ஆறு வயது. போன மழையில் முன் விளக்கு ஒன்றில் தண்ணீர் இறங்கிற்று. விளக்கை மட்டும் பிரித்துத் துடைக்க முடியாது, முழு அசெம்பிளி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்று நீயே புலம்பினாய். எத்தனை ஆயிரம் என்று சொல்ல மாட்டேன், உன் வீட்டுக்காரிக்குத் தெரியாது. என் காரில் விளக்கு மங்கினால் வளையத்தைக் கழற்றி உள்ளே இருப்பதை மாற்றுவேன், பத்து நிமிஷம். நான் பழசைத்தான் பெரிது என்கிறேன் என்று நினைக்காதே. உன் வண்டி என் வண்டியைவிட எல்லா விதத்திலும் நல்ல வண்டி, அது சந்தேகமில்லை. ஆனால் அது உன்னுடையது இல்லை. மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் உறைதான் தெரியும். அதற்குள் என்ன நடக்கிறது என்று உனக்கும் தெரியாது, பார்க்கிறவருக்கும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் தெரியும். பணம் கட்டி வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க உரிமை இல்லாதவன் தன்னை முதலாளி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

"ஆனா பெரியப்பா, பதினஞ்சு வருஷத்துக்கு மேல வண்டி வச்சிருக்கவே கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சே" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். தப்பு. டெல்லி சுற்றுவட்டாரத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவு அது, டீசலுக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினைந்து. அங்கேயே 2025-இல் அதன்மேல் பெரிய இழுபறி. நம் ஊரில் சொந்த உபயோகக் காருக்கு விதி வேறு. முதல் பதிவு பதினைந்து வருஷம். அப்புறம் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். சோதனையில் தேறாத வண்டியைத்தான் ஒழிக்கச் சொல்கிறார்கள். அது நியாயம்தான், தேறாத வண்டி ரோட்டில் வரக் கூடாது. ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். காருக்குப் பதிவு புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். சட்டத்தில் தடை இல்லை, கட்டணத்தில் கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

இதற்கு இன்னொரு வாசல் இருக்கிறது, அதைப் பற்றித்தான் எனக்குக் கோபமே. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்கு. நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் 'வி ஏ' என்று வரும். மரியாதையாகத்தான் இருக்கிறது. என் நண்பர்கள் இரண்டு பேர் "உமக்கு ஏத்த வழி இதுதான்" என்று விண்ணப்பத்தையே கொண்டுவந்து கொடுத்தார்கள். கணக்குப் போடுவோம். சாதாரணப் பதிவு ஐந்து வருஷத்துக்குப் பத்தாயிரம், பத்து வருஷத்துக்கு இருபதாயிரம். வின்டேஜ் பதிவும் பத்து வருஷத்துக்கு இருபதாயிரம். காசு ஒன்றுதான். ஆனால் வின்டேஜ் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதற்கெல்லாம்தான் வெளியே எடுக்கலாம். அதாவது என் காரில் நான் காய்கறி வாங்கப் போகக் கூடாது. காதுகுத்துக்குப் போகக் கூடாது. உடம்பு சரியில்லாத பக்கத்து வீட்டு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகக் கூடாது. நான் கார் வாங்கியதே அதற்குத்தானே ஐயா!

இது விதி போட்டவர்களின் குற்றம் மட்டும் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, எங்கள் ஆட்கள், அவர்கள் கேட்டு வாங்கியது மாதிரிதான் இது இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மைதானத்தில் நிறுத்தி, மெழுகு போட்டுத் துடைத்து, மறுபடி லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த விதி சௌகரியம். அவர்களில் ஒருவர் என் காரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். என்ன குறை என்றால், கார்புரேட்டர் மாருதியுடையது. ஆமாம், 1998-இல் மாற்றினேன். பழைய கார்புரேட்டரின் தண்டு தேய்ந்து காற்றுப் புகுந்தது, பெட்ரோலும் அதிகம் குடித்தது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் போட்டிருக்கிறேன், ராத்திரியில் விளக்கு ஒழுங்காக எரிய வேண்டுமே. "ஒரிஜினாலிட்டி போச்சே சார்" என்றார். அவர் வாயில் நான்கு பல் கட்டிய பல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டல்காரத் தம்பி, உனக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. நீ ஆசையாகத்தான் கேட்டாய். ஆனால் நெடுஞ்சாலை ஓட்டல்களில் நான் பார்த்திருக்கிறேன். அம்பாசடரைப் பாதியாக வெட்டிக் கல்லாப்பெட்டி ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஃபியட்டின் வயிற்றைக் கிழித்து சோஃபா. எஞ்சினை எடைக்குப் போட்டுவிட்டு முகத்தை மட்டும் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள், மான் தலையை மாட்டுவார்களே அது மாதிரி. காயலான் கடைக்குப் போனாலாவது உருகி வேறு பொருளாகும். ஓடாத காரை ஓடுகிற மாதிரி நிறுத்தி வைத்து அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்துப் படம் எடுப்பதற்கு, அதைவிட பேரீச்சம்பழமே மேல். அதற்கும் போட மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இப்போது சென்னைக்காரனுக்கு. நீதான் சரியான கேள்வி கேட்டாய். அதனால் உனக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்.

என் கார் வருஷத்துக்கு ஓடுவது சுமார் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கொடுக்கிறது. ஆக 125 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. முக்கால் கிலோகூட எடை இல்லாத பெட்ரோலில் இருந்து 2.3 கிலோ எப்படி வந்தது? காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேருகிறது, மறந்துவிட்டாயா? ஆக வருஷத்துக்குச் சுமார் 290 கிலோ. இதை ஒழித்துவிட்டு நான் புது வண்டி வாங்கினால், அந்த வண்டியைச் செய்யும்போதே, இரும்பு உருக்கி, அலுமினியம் உருக்கி, பிளாஸ்டிக் வார்த்து, பல டன் வெளியாகிவிடும். ஐந்து டன் என்று வைத்துக்கொள். அது என் ஹெரால்டு பதினேழு வருஷம் விடும் கணக்கு. எனக்கு இப்போது எழுபத்தாறு. மீதியை நீயே போட்டுக்கொள்.

நீ காதுகுத்துக்கு எப்படி வந்தாய்? இரண்டு டன் வண்டியில் தனியாக. போக வர 600 கிலோமீட்டர். உன் வண்டியும் லிட்டருக்கு 12 என்று நீயே சொன்னாய். 50 லிட்டர். என் காரின் ஐந்து மாதப் பெட்ரோலை ஒரு காதுகுத்துக்கு எரித்துவிட்டு, வாசலில் நின்று என்னிடம் புகை பற்றிப் பேசினாய். கும்பகோணத்துக்கு ரயில் இருக்கிறது, தம்பி.

ஆனால் உன் பக்கம் இருக்கும் நியாயத்தை நான் மறைத்தால் அது வாத்தியார் வேலை ஆகாது. கார்பன் டை ஆக்சைடு ஒரு கணக்கு, கார்பன் மோனாக்சைடு வேறு கணக்கு. என் காலத்துக் காருக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை விடுகிறார்கள். அப்புறம் வந்த கார்களுக்கு 0.5 தான். ஆறு மடங்கு! என் காரில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடையாது. போன சோதனையில் 2.2 வந்தது. சட்டப்படி பாஸ். உன் காரோடு ஒப்பிட்டால் வெட்கக்கேடு. எல்லோரும் இப்படி ஒரு பழைய வண்டியைத் தினமும் ஓட்டினால் பெரிய கடைத் தெருவில் மூச்சு விட முடியாது. அதனால் என் கட்சி இதுதான்: தினமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவன் பழைய கார் வைத்துக்கொள்ளக் கூடாது. டாக்ஸி ஓட்டுகிறவன் கூடாது. நான் மாதத்துக்கு நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். சிக்னலில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாயிண்டும் பிளக்கும் பார்த்து, கார்புரேட்டர் ட்யூன் பண்ணுகிறேன். கவனிக்காத பத்து வருஷ வண்டி கவனித்த ஐம்பது வருஷ வண்டியைவிட மோசமாகப் புகை விடுவதை எந்தப் பேருந்து நிலையத்திலும் நின்று பார்க்கலாம்.

பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா, அது என் வண்டிக்குச் சத்ரு. ரப்பரை ஊதவைக்கும். எத்தனால் தண்ணீரை இழுக்கும், இரண்டு மாதம் சும்மா நின்றால் டேங்கில் தண்ணீர் அடியில் இறங்கும். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன், பம்ப் டயஃப்ரமும் மாற்றினேன். இதனால்தான் சொல்கிறேன், நிறுத்தி வைத்தால் இது செத்துவிடும். ஓட்டினால்தான் இருக்கும்.

இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியுமா? முடியாது. இந்தப் பதிவை எழுத ஆரம்பித்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் ட்ரனியன் என்று ஒரு வெண்கல முட்டு இருக்கிறது. ஸ்டியரிங் திருப்பும்போது அதில்தான் சக்கரத்தின் தண்டு திரும்பும். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டி ஆயில் அடிக்க வேண்டும், தொண்ணூறாம் நம்பர். கிரீஸ் மரையின் உள்ளே இறங்காது, தண்ணீர் தங்கி துருப்பிடித்துத் தண்டு ஒரு நாள் பட்டென்று முறியும். 1991-இல் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் எல்லாக் காருக்கும் அடிப்பது போல் கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள், பல தடவை. பாபநாசம் தாண்டி ஒரு திருப்பத்தில் இடது முன் சக்கரம் மடிந்து படுத்துவிட்டது. நல்ல வேளை, மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் மகள் இருந்தாள்.

அன்றைக்கு வண்டியைக் கட்டி இழுத்துவந்த பாய்தான் "சார், இது கிரீஸ் போடுற இடம் இல்ல, ஆயில் போடுற இடம்" என்று சொல்லிக்கொடுத்தார். எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை அவர். அவருடைய பட்டறையில் கையாளாக நின்ற பையனைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின வருஷம் பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் 22 மார்க் வாங்கி ஃபெயிலானவன். புங்கமரத்தடியில் பிளக் துவாரத்தில் விரல் வைத்தவன் அவன்தான். "சார், தள்ளுது சார்" என்று கத்தியவனும் அவனே. எஞ்சின் அவனுக்குப் புரிந்திருக்கிறது. நான் வைத்த பரீட்சைதான் அவனுக்குப் புரியவில்லை. பரீட்சையில் "நான்கு வீச்சு எஞ்சின் வேலை செய்யும் விதத்தைப் படத்துடன் விவரி" என்று கேட்டிருந்தேன். அவன் படம் போடத் தெரியாதவன். ஐந்து மார்க்குக்கு முட்டை போட்டிருக்கிறேன்.

முப்பத்தைந்து வருஷமாக என் காரைப் பார்ப்பவன் அவன். ஸ்க்ரூடிரைவர் நுனியை எஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தால் எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவான். பாகம் கிடைக்காவிட்டால் சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையில் நாள் முழுக்கத் துழாவி எடுத்து வருவான். அங்கேயும் இல்லையென்றால் பழசை லேத்துக்காரரிடம் காட்டிப் புதிதாகக் கடைந்து வாங்குவான். வெண்கலப் புஷ் கடையும் அந்தக் கை இன்னும் எத்தனை நாள் இருக்கும்? பாய் போய்விட்டார். லேத்துக்காரருக்கு எழுபது. என் மாணவனின் பட்டறைக்கு மாதத்துக்கு நான்கைந்து பழைய வண்டிகள் வந்துகொண்டிருந்தன. இப்போது என்னுடையதும் ஒரு வில்லிஸ் ஜீப்பும் மட்டும். புது வண்டியை அவனிடம் யாரும் விடுவதில்லை, அதற்கு ஸ்கேனர் வேண்டும், கம்பெனி சாஃப்ட்வேர் வேண்டும், அதை இவனுக்குத் தர மாட்டார்கள். நீங்கள் எல்லோரும் "பழசை ஒழி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறீர்களே, பழசோடு சேர்த்து ஒழிவது எது என்று பார்த்தீர்களா? உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன்தான். நீங்கள் பாஸாகிப் போய்விட்டீர்கள்.

இதற்கெல்லாம் பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதைக் கேட்டவள் மகள். "அப்பா, முன்னாடி எவனாவது வந்து மோதினா?" பதில் இல்லை. ஏர் பேக் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மழையில் நனைந்தால் நாலு தடவை மிதித்த பிறகுதான் பிடிக்கும். பின் சக்கரங்களின் அச்சு ஊஞ்சல் மாதிரி ஆடும் வகை, வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டியைத் தூக்கும். முன் சீட் இரண்டுக்கும் சேசிஸில் பிடித்து பெல்ட் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே மூன்று வருஷமாக நான்கு வழிச் சாலைக்கு எடுப்பதில்லை. இருட்டினபின் எடுப்பதில்லை. சின்னக் குழந்தைகளை ஏற்றுவதில்லை, காதுகுத்துக் குழந்தை உட்பட, தங்கை கோபித்துக்கொண்டாள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம் இல்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும். என் கண்ணோ காலோ ஒத்துழைக்காது என்று தோன்றுகிற அன்றைக்குச் சாவியை வைத்துவிடுவேன். அது எப்போது என்று நான் முடிவு செய்ய மாட்டேன், அந்த வயதில் யாருக்கும் தன்னைப் பற்றித் தெரியாது. என் மாணவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து மாதம் ஒரு தடவை என் ஓட்டத்தைப் பார்க்கிறான். நான் அவனுக்கு வைத்த பரீட்சையைவிட அவன் எனக்கு வைக்கும் பரீட்சை நியாயமானது.

சாவி வைத்த பிறகு வண்டி அவனுக்கு. ஆர்.சி. மாற்றுவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுத்திருக்கிறேன். அவளுக்குச் சம்மதம். "அவர் ஓட்டட்டும். எனக்கு மட்டும் அதுல ஏறச் சொல்லாதீங்க" என்றாள். ஆக, ஓட்டல் தம்பியும் தம்பி மகனும் வரிசையில் நிற்க வேண்டாம்.

பதிவு அடுத்த மாதம் முடிகிறது. சாதாரணப் பதிவுதான் புதுப்பிக்கிறேன், 'வி ஏ' வேண்டாம். பத்தாயிரம் கட்டியாயிற்று. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வுக்கு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகம் கொண்டுபோகிறேன். ஒன்பது மணிக்குப் பட்டறையில் பிரேக் அட்ஜஸ்ட் பண்ணிவிட்டுக் கிளம்புவோம். பாட்டரி கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, செல்ஃப் எடுக்காமல் போகலாம். உள்ளூரில் இருப்பவர்கள் நான்கு பேர் வந்தால் தள்ளுவதற்கு உதவியாக இருக்கும். பழக்கம் உள்ள வேலைதானே.